இணையத்தில் இளஞ்சிறார் காப்பு: நிறுவனங்களின் தற்கட்டுப்பாடு போதுமா?

சேலம் நகரிலிருந்து ஏற்காடு செல்லும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாள்களில், பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் அவ்வளைவுகளைக் கடந்து மேலேறுவதைக் காணலாம். 1894இல் தோன்றிய திருஇருதயப் பள்ளி, 1917இல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் பள்ளி முதலியவற்றால் சேர்வராயன் மலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்விக்குப் பெயர் பெற்று விளங்குகிறது.

தம் பிள்ளையை அம்மலைக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் தந்தை எதனை நம்பி அனுப்புகிறார்? ஓட்டுநரின் நிதானத்தை நம்புகிறார். அதனோடு, வளைவுதோறும் எழுப்பப்பட்டுள்ள தடுப்புச் சுவரையும் நம்புகிறார். வண்டியின் பிரேக்கைப் போக்குவரத்து அலுவலகத்தார் சோதித்துத் தகுதிச் சான்று வழங்கியுள்ளனர் என்பதையும் நம்புகிறார். "என் வண்டியின் பிரேக்கை நானே பார்த்துக்கொண்டேன், பிறர் பார்க்கத் தேவையில்லை" என்று பேருந்தின் உரிமையாளர் கூறுவாராயின், அவர் எத்துணை நல்லவராயினும் நாம் நம் பிள்ளையை அவ்வண்டியில் ஏற்றத் தயங்குவோம் அல்லவா?

அதே பிள்ளை விடுமுறைக்கு வீடு திரும்பியதும், கைப்பேசி என்னும் மற்றொரு வண்டியில் ஏறிவிடுகிறது. அவ்வண்டி செல்லும் சாலைக்கு இணையம் என்று பெயர். அதன் வளைவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வண்டியின் பிரேக்கைச் சோதித்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இக்கேள்வியை முன்வைத்துச் சில செய்திகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தற்கட்டுப்பாடு என்பது யாது?

ஒரு தொழிலில் ஈடுபட்டோர், அரசின் ஆணைக்குக் காத்திராமல், தமக்குத் தாமே நெறிமுறைகளை வகுத்துக்கொண்டு அவற்றின்படி ஒழுகுவதைத் தற்கட்டுப்பாடு என்கிறோம். இது புதியதன்று. நம் நாட்டில் விளம்பரத் துறையினர் 1985ஆம் ஆண்டிலேயே இந்திய விளம்பரத் தர மன்றம் என்னும் அமைப்பை ஏற்படுத்தித் தம் துறையின் விளம்பரங்களைத் தாமே சீர்தூக்கி வருகின்றனர்.

இணைய நிறுவனங்கள் சிறாருக்காக மேற்கொண்டுள்ள தற்கட்டுப்பாட்டு முறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவது, குறிப்பிட்ட வயதிற்குக் குறைந்தோர் கணக்குத் தொடங்கலாகாது என்னும் வரம்பு. இரண்டாவது, திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் வயதுவாரியாகக் குறியிடுதல். மூன்றாவது, பெற்றோர் தம் பிள்ளையின் கைப்பேசியை நெறிப்படுத்த உதவும் அமைப்புகள். நான்காவது, தகாதனவற்றைக் கண்டோர் முறையிடுவதற்கான வாயில். ஐந்தாவது, குற்றத்தன்மை வாய்ந்த படங்களைத் தாமே தேடி நீக்குதல்.

பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயது என்னும் வரம்பைக் கொண்டுள்ளன. இவ்வெண் குழந்தை மனத்தை ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட முடிவன்று. 13 வயதிற்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டலாகாது என அமெரிக்க நாடு 1998இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் சுமையிலிருந்து விலகி நிற்க நிறுவனங்கள் அவ்வெண்ணையே தம் வாயிற்கதவில் எழுதிவைத்தன. தற்கட்டுப்பாடு என நாம் காணும் பலவற்றின் வேரில் எங்கோ ஒரு சட்டம் இருப்பதற்கு இது முதற்சான்று.

இனி, அக்கதவின் வலிமையையும் நோக்குவோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருக்கிறாள் எனக் கொள்வோம். செயலி அவளிடம் பிறந்த ஆண்டைக் கேட்கிறது. அவள் உண்மையைக் கூறினால் கதவு மூடிக்கொள்ளும். ஓர் எண்ணை மாற்றினால் திறந்துகொள்ளும். பொய் சொன்னால்தான் உள்ளே செல்லலாம் என்று கற்பிக்கும் கதவு காவலாகுமா? மேலும், அவள் பொய்யான வயதைப் பதிந்த கணத்திலேயே, சிறாருக்கென்று அமைந்த காப்புகள் அனைத்தையும் இழந்து, பெரியோருள் ஒருத்தியாக எண்ணப்படுகிறாள். இதுவே இங்குள்ள பேரிடர்.

2. தற்கட்டுப்பாட்டினால் விளைந்த நன்மைகள்

குறைகளை மட்டும் கூறுதல் நடுநிலையாகாது. நிறுவனங்கள் தாமே முன்வந்து செய்த நற்செயல்களும் உள்ளன. 1996இல் இங்கிலாந்தில் இணைய நிறுவனத்தார் ஒன்றுகூடி இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பை நிறுவினர். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் காட்டும் படங்களைப் பற்றி மக்களிடமிருந்து முறையீடுகளைப் பெற்று, அவற்றை அகற்றச் செய்வதே அதன் பணி. 2016இல் இந்தியாவிலும், மும்பையைச் சார்ந்த ஆரம்ப் என்னும் தொண்டமைப்பின் துணையுடன், அதற்கு முறையீட்டு வாயில் ஒன்று திறக்கப்பட்டது.

2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீதும் இணைந்து ஃபோட்டோ டிஎன்ஏ என்னும் நுட்பத்தை உருவாக்கினர். மனிதருக்குக் கைரேகை போன்று, ஒவ்வொரு படத்திற்கும் ஓர் எண் வரிசையை அது கணித்துத் தருகிறது. முன்னரே குற்றப்படமெனக் கண்டறியப்பட்டவற்றின் எண்கள் ஒரு பட்டியலில் இருக்கும். புதிதாக ஒருவர் ஏற்றும் படத்தின் எண் அப்பட்டியலோடு ஒத்துப்போனால், எந்த மனிதரும் அப்படத்தைக் காண வேண்டாமலேயே கணினி அதனைப் பிடித்துவிடுகிறது. படத்தின் அளவைச் சிறிது மாற்றினாலும் நிறத்தைக் குறைத்தாலும் அது ஏமாறுவதில்லை. ஆயினும், பட்டியலில் இல்லாத புதிய படத்தை இம்முறையால் அறிய இயலாது என்னும் வரம்பும் உண்டு.

அமெரிக்கச் சட்டப்படி, இத்தகைய படத்தைக் கண்டறிந்த நிறுவனம், காணாமற்போன மற்றும் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்திற்கு அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். ஆனால் தேடிப் பார்க்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தேடுவது நிறுவனத்தின் விருப்பம்; தெரிவிப்பது அதன் கடமை. இவ்விரண்டும் கைகோத்ததன் பயன் நம் மாநிலத்தையும் எட்டியது. 2019 ஏப்ரலில் இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அம்மையத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்வழி வந்த தகவல்கள் மாநிலக் காவல்துறைகளுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் திருச்சியில் காவல்துறையினர் அத்தகைய தகவலின்பேரில் ஒருவரைக் கைது செய்தனர். எங்கோ ஒரு நிறுவனம் தானாகத் தேடியதும், ஒரு சட்டம் அதனைத் தெரிவிக்கச் செய்ததும், நம் ஊர்க் காவலர் செயற்பட்டதும் ஒரு சங்கிலியாக அமைந்தன. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனில்லை.

3. மதுரைக் கிளையின் முன் வந்த வழக்கு

தற்கட்டுப்பாட்டின் உறுதி தமிழகத்திலேயே சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. டிக்டாக் என்னும் குறுங்காணொளிச் செயலி 2018, 2019ஆம் ஆண்டுகளில் நம் சிற்றூர்கள் வரை பரவியது. பாட்டுக்கு வாயசைத்தும் ஆடியும் பதினைந்து நொடிக் காட்சிகளைச் சிறார் பதிவேற்றினர். சிறாரைத் தகாத காட்சிகளுக்கும் முகமறியாத தீயோரின் தொடர்புக்கும் அச்செயலி உள்ளாக்குகிறது என்னும் கவலையோடு வழக்கறிஞர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார்.

2019 ஏப்ரல் 3ஆம் நாள் நீதிமன்றம் அச்செயலியின் தரவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு அரசுக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அம்மாத நடுவில் கூகுள், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் செயலிக் கடைகளிலிருந்து அது நீங்கியது. நிறுவனத்தார் உச்ச நீதிமன்றம் சென்றனர். ஏப்ரல் 24ஆம் நாள் உயர்நீதிமன்றம் இதனை முடிவு செய்ய வேண்டும், இல்லையேல் தடை விலகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தகாத காட்சிகளைத் தடுக்கும் ஏற்பாடுகள் தம்மிடம் உள்ளன என நிறுவனம் எடுத்துரைத்ததன்பின், ஏப்ரல் 24ஆம் நாள் நிபந்தனைகளோடு தடை நீக்கப்பட்டது. தன் நெறிமுறைகளுக்கு மாறான 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட காணொளிகளை நீக்கியுள்ளதாகவும் அந்நிறுவனம் அம்மாதம் அறிவித்தது.

60 இலட்சம் என்பது சிறிய எண்ணன்று. முயற்சி நடைபெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எது தவறு என வகுத்ததும் நிறுவனமே; தவறானவற்றை எண்ணியதும் நிறுவனமே. நீக்கப்படுமுன் அவை எத்தனை பிள்ளைகளின் கண்ணில் பட்டன என்பதை வெளியார் அளந்தறிய வழி இருக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2019 பிப்ரவரியில், அமெரிக்க வாணிக ஆணையம் இதே செயலி 13 வயதிற்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டியது தொடர்பில் 57 இலட்சம் டாலர் தண்டத் தொகை விதித்திருந்தது. வயது வரம்பு எழுதப்பட்டிருந்தது; காக்கப்படவில்லை.

(2020 ஜூன் 29ஆம் நாள் அச்செயலி உட்பட 59 செயலிகளை நடுவணரசு தடை செய்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. சிறார் காப்பு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

4. எழுதிய நெறியும் ஏற்காத அரசும்

இணையவழித் திரைப்படத் துறையிலும் ஒரு பாடம் உண்டு. 2020 செப்டம்பரில் இந்திய இணைய, கைப்பேசிச் சங்கத்தின் முயற்சியால் 15 நிறுவனங்கள் ஒரு தற்கட்டுப்பாட்டு நெறியில் ஒப்பமிட்டன. நடுவணரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் அதற்கு ஆதரவளிக்க மறுத்துவிட்டது.

2021 பிப்ரவரி 25ஆம் நாள் நடுவணரசு தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் தற்கட்டுப்பாட்டைத் தூக்கி எறியவில்லை என்பது கருதத்தக்கது. முதற்படியில் நிறுவனத்தின் தற்கட்டுப்பாடு. இரண்டாம் படியில் நிறுவனங்கள் கூடி அமைக்கும் மன்றம். மூன்றாம் படியில் அரசின் மேற்பார்வை என மூன்று படிகளை வகுத்தன. அனைவரும் காணத்தக்கவை, 7 வயதிற்கு மேற்பட்டோர், 13 வயதிற்கு மேற்பட்டோர், 16 வயதிற்கு மேற்பட்டோர், வயது வந்தோர் என ஐவகைக் குறியீட்டைக் கட்டாயமாக்கின. 13 வயதும் அதற்கு மேலும் எனக் குறிக்கப்பட்டவற்றிற்குப் பெற்றோர் பூட்டு வேண்டும் என்றன. சமூக ஊடகங்கள் குறை தீர்க்கும் அலுவலரை அமர்த்தி, முறையீடு கிடைத்ததை 24 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றன.

இதற்கு மாறாக, இணைய விளையாட்டுத் துறையில் நேர்ந்ததையும் நோக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடுவணரசு மேற்கண்ட விதிகளைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் துறையினரின் தற்கட்டுப்பாட்டு மன்றங்களே ஆராய்ந்து ஒப்புதல் வழங்கலாம் என வழி வகுத்தது. அத்தகைய மன்றம் ஒன்றும் அறிந்தேற்கப்படாமலே அத்திட்டம் நின்றது. தமிழகமோ 2022இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், 18 வயதிற்குட்பட்டோர் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தின. ஆதார்வழி அடையாளச் சோதனையை வேண்டின. நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதிமுறைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. தற்கட்டுப்பாட்டிற்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு பயன்படாதபோது, சட்டம் முழுக் கதவையும் மூடியது.

5. விரதமும் எடைக்கல்லும்

தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளுதல் இழிவானதன்று, அதுவே உயர்ந்தது. நம் முன்னோர் அதற்கு விரதம் என்று பெயரிட்டனர். ஆனால் விரதத்தின் இலக்கணத்தை நினைவுகூர்க. அது வாய்க்குள் சொல்லிக்கொள்வதன்று; பெரியோர் முன்னிலையில் ஏற்பது. எவையெவை அதன் அதிசாரங்கள் என முன்னரே எண்ணி வகுக்கப்பட்டுள்ளன. தவறு நேர்ந்தால் மறைக்காமல் எடுத்துரைத்தலும், அதற்குரிய கழுவாயை ஏற்றலும் அதன் உறுப்புகளாகும்.

கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் குறைந்த அளவையால் விற்பதும் மிகுந்த அளவையால் வாங்குவதும் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். அவ்விரதம் பூண்ட வணிகரும் தம் எடைக்கற்களை உரிய காலத்தில் முத்திரையிடக் கொடுக்கத் தயங்குவதில்லை. முத்திரை, நேர்மையான வணிகரைப் பழிப்பதன்று. அவருடைய நேர்மையை ஊரறியச் செய்வது. அஞ்ச வேண்டியவர் கல்லைக் குடைந்தவரே.

இவ்விலக்கணத்தைக் கொண்டு இணைய நிறுவனங்களின் தற்கட்டுப்பாட்டை அளக்க நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன.

முதலாவது, தெளிவு. "சிறாரின் நலனே எங்கள் முதல் நோக்கம்" என்பது வாக்குறுதியாகாது. இன்ன வயதினர்க்கு இன்ன காட்சி வாராது, முன்பின் அறியாதவர் செய்தி அனுப்ப இயலாது என்று சோதித்தறியும்படி கூறுவதே வாக்குறுதி.

இரண்டாவது, சாட்சி. சொன்னபடி நடந்ததா என்பதை நிறுவனத்தைச் சாராதவர் கணக்கைத் திறந்து பார்க்க வழி வேண்டும்.

மூன்றாவது, முறையீடு. ஏற்காட்டு மலைச் சிற்றூரிலுள்ள ஒரு தாய் தமிழில் முறையிட்டாலும், தமிழ் அறிந்த ஒருவர் அதனைப் படித்து, உரிய காலத்தில் விடை தர வேண்டும்.

நான்காவது, கழுவாய். தவறினால் நிறுவனத்திற்கு இழப்பு உண்டாக வேண்டும். இழப்பில்லாத இடத்தில் வாக்குறுதி விளம்பரமாகச் சுருங்கிவிடும்.

இவற்றால் அளந்தால், ஃபோட்டோ டிஎன்ஏ முறை முதல் அளவுகோலில் நன்கு தேறுகிறது. ஒரு நிறுவனம் அறிவித்த காணொளி எண்ணிக்கை இரண்டாவதில் தடுமாறுகிறது. தமிழ் முறையீடு மூன்றாவதற்கு உரைகல்லாகும். நான்காவது, சட்டத்தின் துணையின்றி வாராது.

6. சட்டம் மட்டும் போதுமா?

உலகின் போக்கு இப்போது சட்டத்தை நோக்கிச் செல்கிறது. இங்கிலாந்து 2023இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் சிறார் காப்புக் கடமைகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் இயற்றிய சட்டத்தின்படி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதிற்குட்பட்டோர் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது. தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம் விதிக்கலாம். அது நிறுவனத்தின்மீதே சாரும். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை.

அமெரிக்காவில் 2023 அக்டோபரில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், இளையோரின் மனநலத்திற்கு ஊறு விளைவிப்பதாகக் கூறி மெட்டா நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தன. 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் இன்ஸ்டாகிராமில் பதின்பருவத்தினர்க்கென்று தனிக்கணக்கு முறையை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அம்முறை இந்தியாவிற்கும் விரிவாக்கப்பட்டது. அக்கணக்கு தொடக்கத்திலேயே பிறர் காணாதபடி மூடியிருக்கும். 16 வயதிற்குட்பட்டோர் பெற்றோரின் இசைவின்றி அக்காப்பைத் தளர்த்த இயலாது. முன்பு பெற்றோர் தேடிக் கண்டு பூட்ட வேண்டியிருந்த கதவு, இப்போது பூட்டியபடியே கொடுக்கப்படுகிறது. சிறிய மாற்றம் போல் தோன்றினும் இது பெரிது.

நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. சிறார் தொடர்பான கடமைகளில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு 18 மாத கால இடைவெளி கொடுக்கப்பட்டது.

எனினும் சட்டத்திற்கும் எல்லை உண்டு. நம் இல்லங்களில் கைப்பேசி ஒன்று. அதனைக் கையாள்வோர் நால்வர். தாயின் பெயரிலுள்ள கணக்கில் மகன் காணொளி பார்க்கிறான். நிறுவனத்தின் கணினிக்கு அவன் நாற்பது வயதுப் பெண்மணியாகவே தோன்றுகிறான். அன்றியும், வயதை உறுதி செய்வதற்காக அனைவரிடமும் அடையாளச் சான்றைத் திரட்டினால், அச்சான்றுகளைக் காப்பது புதியதொரு சிக்கலாகும். அறவே தடுத்தால், கண்காணிப்பே இல்லாத வேறு இடங்களைப் பிள்ளைகள் நாடக்கூடும் என்னும் எதிர்வாதத்தையும் புறந்தள்ள இயலாது.

மதுரைக் கிளையில் 2018ஆம் ஆண்டுத் தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கு இவ்விடத்தில் கருதத்தக்கது. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியை அளிக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். 2025 டிசம்பரில் அதனை முடிவு செய்த நீதிமன்றம், ஆஸ்திரேலியச் சட்டத்தைப் போன்றதொரு சட்டத்தை நடுவணரசு ஆராயலாம் என்று கூறியது. அதுவரையில் விழிப்புணர்வுப் பணியை விரைவுபடுத்துமாறு அறிவுறுத்தி, பெற்றோரின் பொறுப்பு மிகுதி என்பதையும் சுட்டியது. ஆகவே நிறுவனம், அரசு, இல்லம் என்னும் மூன்றும் கூடினாலன்றிக் காப்பு நிறைவுறாது.

7. இல்லத்தார் செய்யத்தக்கவை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏற்காட்டு விடுதிகளில் இருந்த பிள்ளைகளும் மலையிறங்கி வீடு சேர்ந்தனர். பாடமே கைப்பேசி வழியாக வந்தது. சேர்வராயன் மலையின் பழங்குடியினர் சிற்றூர்களிலும் பிள்ளையின் படிப்பிற்காகக் கைப்பேசியைத் தேட வேண்டியிருந்தது. அன்று நாமே நம் கையால் கொடுத்த கருவியை இன்று பிள்ளையின் குற்றமாகக் கூறுதல் முறையன்று. செய்யத்தக்கவற்றை மட்டும் ஈண்டுக் கூறுகிறோம்.

அ) பிள்ளைக்குக் கணக்குத் தொடங்க நேர்ந்தால், மெய்யான பிறந்த ஆண்டையே பதிக. "ஒரு வயது கூட்டிப் போட்டுக்கொள்" என்று பெற்றோரே கூறும் வழக்கத்தைக் கைவிடுக. அப்பொய் முதலில் திறப்பது பிள்ளையின் காப்புப் பெட்டியைத்தான்.

ஆ) கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் போன்ற பெற்றோர் வசதிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. பிள்ளையை அருகில் அமர்த்தி, என்ன செய்கிறோம் என்பதைக் கூறிச் செய்க. மறைவில் வைத்த காவல் கண்டறியப்படும் நாளில் நம்பிக்கை முறியும்.

இ) கைப்பேசி இரவில் கூடத்தில் உறங்கட்டும், பிள்ளை அறையில் உறங்கட்டும். இவ்விதி பெரியோர்க்கும் பொருந்தும்.

ஈ) முகமறியாத ஒருவர் படம் கேட்டாலோ, மிரட்டினாலோ, முதலில் நம்மிடம் வந்து கூறலாம் என்னும் துணிவைப் பிள்ளைக்கு அளிக்க. "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்பது நம் முதற்சொல்லாக இருக்குமாயின், இரண்டாம் முறை அப்பிள்ளை வாய் திறவாது. மிரட்டுவோனுக்கு வேண்டியதும் அதுவே.

உ) சான்றுகளை அழித்துவிடாமல், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணையோ, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்க. நடுவணரசின் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரானவற்றைப் பெயர் கூறாமலும் தெரிவிக்கலாம்.

ஊ) குழந்தைக்கு இழைத்த கொடுமையைக் காட்டும் படம் எவரேனும் அனுப்பி வந்து சேர்ந்தால், "எச்சரிக்கை செய்கிறோம்" என்று கருதியும் பிறர்க்கு அனுப்பலாகாது. அத்தகையவற்றைத் தரவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மாற்றியது. நீக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பது சட்டச் சிக்கலுக்கு இடமாகும். உடனே உரியவர்களுக்குத் தெரிவிப்பதே கடமை. பகிரப்படும் ஒவ்வொரு முறையும் அக்குழந்தை மீண்டும் துன்புறுத்தப்படுகிறது என்பதை மறத்தல் கூடாது.

எ) நிறுவனங்களிடம் முறையிடத் தயங்கற்க. முறையிட்ட நாளையும் விடை வந்த நாளையும் குறித்து வைக்க. ஓர் ஊரில் பத்து இல்லங்கள் இவ்வாறு குறித்து வைத்தால், அதுவே ஒரு சிறிய சாட்சியேடாகும்.

8. முடிவுரை

நிறுவனங்களின் தற்கட்டுப்பாடு பொய் என்று தள்ளவும் வேண்டா. போதும் என்று அமையவும் வேண்டா. அது ஓட்டுநரின் நிதானம் போன்றது. நிதானமில்லாத ஓட்டுநருக்கு எத்தனை சுவர் எழுப்பினும் பயனில்லை. நிதானமுள்ள ஓட்டுநருக்கும் பிரேக்குச் சோதனை தேவையே. சோதனையை மறுக்கும் தற்கட்டுப்பாட்டை ஐயுறுக. சோதனையை வரவேற்கும் தற்கட்டுப்பாட்டைப் போற்றுக.

ஏற்காட்டுச் சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது மலைச்சாலை முறை. ஏறுவோர்க்கே இடர் மிகுதி என்பதால் எழுந்த முறை அது. வாழ்க்கை மலையில் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருப்போர் நம் பிள்ளைகள். வணிக வேகத்தோடு எதிரே வரும் பெரு வண்டிகள் அவர்களுக்காக ஒதுங்கி நிற்கச் செய்வது, நிறுவனத்தார், அரசினர், பெற்றோர் ஆகிய நம் அனைவரின் கடமையாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சமூக ஊடகங்களில் 13 வயது என்னும் வரம்பு எவ்வாறு தோன்றியது? அது காவலாகாமற் போவது எதனால்?

2. படங்களுக்கு எண் வரிசை கணிக்கும் முறையின் பயன் யாது? வரம்பு யாது?

3. 2019ஆம் ஆண்டு மதுரைக் கிளையின் முன் வந்த வழக்கை நான்கு அளவுகோல்களால் ஆராய்க.

4. விரதத்திற்கும் வெறும் வாக்குறுதிக்கும் உள்ள வேறுபாட்டை எடைக்கல் உவமையால் விளக்குக.

5. உங்கள் இல்லத்தில் உள்ள கைப்பேசி யார் பெயரில் உள்ளது? அதனை மிகுதியாகக் கையாள்பவர் யார்? இவ்விரண்டிற்கும் விடை வேறாயின், இன்றே மாற்ற வேண்டியவை யாவை?